ஆந்தைக்கு வக்காலத்து

மங்களாம்பிகைக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவர்கள் கத்திவிட்டு மறந்துவிடுவார்கள். அவள் மறக்கிற ஆள் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாணப் பந்தியில் அப்பாவின் இலைக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவனை இன்றைக்கும் பெயர் சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவளுடைய ஆந்தையைத்தான் ராஜராஜன் செவிடாக்கினான். தெரியாமல்தான் செய்தான். ஆனால் தெரிந்த பிறகும் சிரித்தான், அதுதான் அவன் செய்த தப்பு.

ஆந்தை அவள் கூண்டில் வளர்த்தது ஒன்றும் இல்லை. கீழ்வேளூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டரில் அவளுக்கு ஒன்பது மா நிலம். வெளியூர்க்காரர்கள் மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். புருஷன் கோவிந்தராசு கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான், ஆகையால் உழவிலிருந்து அறுப்பு வரை எல்லாம் அவள் கைதான். சம்பா நடவு முடிந்த மறுநாளே பன்னிரண்டு தென்னை மட்டைகளைத் தலைகீழாக வயலில் ஊன்றிவிடுவாள். அடிப்பக்கம் மேலே அகலமாக இருக்கும், ஆந்தைக்கு உட்காரத் தோதான பலகை. வடக்கு வரப்போரம் ஒரு மொட்டைப் பனை. அதன் பொந்தில் ஒரு ஜோடி இருந்தது. வெற்றிலை வடிவத்தில் வெளுத்த முகம், பனியன் துணி கிழிகிற மாதிரிக் குரல். ஊரில் அதைச் சாக்குருவி என்பார்கள். சாகிறது என்னவோ எலிதான்.

ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் கறுப்பு உருண்டையாகக் கக்கிவிட்டுப் போகும். விடிந்ததும் மங்களாவின் முதல் வேலை, ஒவ்வொரு மட்டைக்குக் கீழேயும் அந்த உருண்டைகளைத் தேடுவது. காப்பி அதற்குப் பிறகுதான். ஐந்து, சில நாள் ஆறு கிடைக்கும். குச்சியால் பிரித்தால் எலித் தாடை, பல்லோடு இருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கு ஒரு நிம்மதி. பக்கத்து வயல்காரர்கள் எலிக்காகப் படாத பாடு பட்டபோது அவள் வயல் மட்டும் பட்டுப் பாவாடை விரித்த மாதிரி கிடந்தது.

ராஜராஜன் கோவிந்தராசுவின் சித்தப்பா மகன். பங்காளி. அவள் வயலுக்கு மேற்கே, ரோட்டை ஒட்டிய மனையில் மாடர்ன் ரைஸ் மில் கட்டினான். ஐப்பசி பிறந்தது, குறுவை நெல் மழையில் நனைந்து ஈரமும் சேறுமாக வந்து இறங்கியது. அதைக் காய வைக்க டிரையரும், டிரையருக்குக் காற்றடிக்க ஒரு ராட்சச ப்ளோயரும் போட்டான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பித்தால் விடிய விடிய ஓடும். சத்தம் என்றால், காதில் மட்டும் கேட்கிற சத்தம் இல்லை. சொம்பில் வைத்த தண்ணீர் நடுங்கும். முதல் வாரம் ஊரே தூங்கவில்லை. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மனுஷனுக்குப் பழகாதது எது?

வாயில்லாத ஜீவன்களுக்குப் பழகவில்லை. மில்லை ஒட்டிய வாய்க்காலில் தவளைகள் வாயை மூடிவிட்டன. கொஞ்சம் தள்ளி இருந்தவை தொண்டை கிழியக் கத்திப் பார்த்தன, ஜோடி வந்தபாடில்லை. தாமரைக்குளத்தில் கானாங்கோழி குஞ்சைக் கூப்பிடுகிற சத்தம் நின்றுபோனது. இதையெல்லாம் ஊரில் யாரும் கவனிக்கவில்லை. மங்களாவும் முதலில் கவனிக்கவில்லை, பொய் சொல்வானேன். அவள் கவனித்தது உருண்டைகளை. ஐந்து மூன்றானது, மூன்று ஒன்றானது, ஒரு காலையில் பன்னிரண்டு மட்டைக்குக் கீழேயும் ஒன்றுமே இல்லை.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் குந்திப் பார்த்தாள். ஆந்தை வந்து மட்டையில் உட்கார்ந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. மில் பக்கம் ஒரு தரம், பயிர் பக்கம் ஒரு தரம். அதற்கு நேர் கீழே பயிர் அசைந்தது, எலிதான். மங்களாவுக்கே தெரிந்தது. ஆந்தை பாய்ந்தது, இரண்டு முழம் தள்ளி வெறும் சேற்றில் விழுந்து, நகத்தில் களிமண்ணோடு எழுந்தது. மறுபடி பாய்ந்தது. மறுபடி சேறு. இத்தனை நாள் அது கண்ணால் பிடிக்கிறது என்று நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் புரிந்தது, பயிர் மறைவில் ஓடுகிற எலியை அது காதால் பிடிக்கிறது. அந்தக் காதை ராஜராஜன் அடைத்துவிட்டான்.

மறுநாள் காலை மில்லுக்குப் போனாள். கண்ணாடி வைத்த ஏசி ரூமில் ராஜராஜன் உட்கார்ந்திருந்தான், சுற்றிலும் நாலைந்து ஆட்கள்.

"பொழுது சாய்ஞ்சா ப்ளோயரை நிறுத்துங்க தம்பி. பகல்ல ஓட்டிக்குங்க."

"ஏன் அண்ணி, தூக்கம் வரலையா?"

"எனக்கில்ல. ஆந்தைக்குக் காது கேக்கல. எலி பிடிக்க முடியல."

ராஜராஜன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஆட்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து அவனுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. "எங்க அண்ணி ஆந்தைக்கு வக்காலத்து வாங்கிட்டு வந்திருக்காங்கடா. அண்ணி, பேசாம ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்களேன், ஆந்தைக்குக் காது கேக்கலன்னு. எஃப்.ஐ.ஆர் போடட்டும்."

அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு மனு எழுதினாள். மூன்று வாரம் கழித்து ஒருவர் கையில் மீட்டரோடு வந்தார். நல்ல மனுஷர், மோர் கொடுத்ததற்கு இரண்டு தரம் நன்றி சொன்னார். ஆனால் அவர் வந்தது பகல் பதினொரு மணிக்கு, ப்ளோயர் ஓடாத நேரம். சாயங்காலம் வரை இருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். இருந்தார், அளந்தார். வயல்வெளிதானே, அளவு மீறவில்லை என்றார். "மனுஷக் காதுக்குத்தாம்மா அளவு போட்டிருக்கு. ஆந்தைக்கு இன்னும் போடல." செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே ஊதினவன் ராஜராஜன், செவிடானது ஆந்தை.

மார்கழியில் கதிர் பொதி கட்டியது. எலி எப்போதும் வயலின் நடுவில்தான் வெட்டும், ஓரத்துப் பயிரைத் தொடாது. வரப்பில் நின்று பார்த்தால் வயல் நிறைந்து நிற்கும், உள்ளே இறங்கினால் நடு வழுக்கை. மங்களா இறங்கிப் பார்த்தாள். மூன்று மா அளவுக்குத் தாள் தாளாக அறுந்து கிடந்தது. அப்போதுதான் ராஜராஜன் பைக்கை நிறுத்தி, ஒரு பொட்டலத்தை வரப்பில் வைத்தான். "இதை வைங்க அண்ணி. ஒரே வாரத்துல க்ளீனாயிரும்." வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்ற நினைப்பெல்லாம் அவனுக்கு இல்லை, உதவி என்றுதான் கொடுத்தான்.

மங்களா ஒருநாளும் வயலில் எலி மருந்து வைத்தது இல்லை. அன்றைக்கு வைத்தாள். மீதி ஆறு மாவும் போய்விடுமோ என்ற பயம். தன் கையாலேயே பொந்து பொந்தாக வைத்தாள்.

மருந்து தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் தள்ளாடிக்கொண்டு, பட்டப்பகல் வெளிச்சத்திலும் வரப்பில் வந்து நிற்கும். காது கேட்காத ஆந்தைக்குக் கண்ணுக்குத் தெரிகிற எலிதானே கிடைக்கும்? ஐந்தாம் நாள் காலை, வடக்கிலிருந்து மூன்றாவது மட்டைக்குக் கீழே அது கிடந்தது. சிறகு விரிந்து, வெற்றிலை முகம் சேற்றில் பதிந்து, அலகோரம் ரத்தம். மேலே பனைப் பொந்திலிருந்து அதன் ஜோடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மங்களா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பனையடியில் குழி தோண்டிப் புதைத்தாள். வீட்டுக்கு வந்து கோவிந்தராசுவுக்குப் போன் போட்டாள்.

"ஆந்தைதானே, விடு. பங்காளிகூட எதுக்கு வம்பு?" என்றான் அவன்.

"சரிங்க," என்று வைத்துவிட்டாள். மங்களா ஒரே வார்த்தையில் சரி என்றால் பயப்பட வேண்டும். கத்தாரில் இருக்கிறவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

தை அறுப்பில் கண்டது பாதிதான். அறுப்பு முடிந்த மாசியில் இரண்டு எலிக்கூண்டு வாங்கி, சுட்ட கருவாட்டுத் துண்டைக் கொக்கியில் மாட்டி வரப்பில் வைத்தாள். விழுந்த எலிகளைக் கொல்லவில்லை. பசுமாட்டுக்குத் தவிடு வாங்க வாரம் ஒருமுறை மில்லுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் கொண்டுபோவாள், ஊருக்கே தெரிந்த டிரம். வருஷமெல்லாம் வெறும் டிரம்மாகப் போய்த் தவிட்டோடு திரும்புவது, இப்போது நிறைந்து போக ஆரம்பித்தது.

மில்லுக்குள்ளே ப்ளோயரும் அரவை மெஷினும் போடுகிற கூச்சலில் யாரும் யாரோடும் வாயால் பேச மாட்டார்கள். இரண்டு விரல் காட்டினால் இரண்டு மூட்டை, நெஞ்சைத் தொட்டால் முதலாளி கூப்பிடுகிறார், எல்லாம் கை ஜாடைதான். மழைக்காலம் போயும் புழுங்கல் நெல்லுக்காக ப்ளோயர் ஓடியது, அது ஓடுகிற சாயங்காலமாகப் பார்த்து மங்களா இடுப்பில் டிரம்மோடு நடந்தாள். உள்ளே நாலு எலி ஒன்றையொன்று கடித்துக் கீச்சிட்டன. டிரம் அதிர்வது இடுப்பெலும்பில் தெரிந்தது, சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. எந்தச் சத்தம் ஆந்தையின் காதை அடைத்ததோ அதே சத்தம் இப்போது அவளுக்குக் காவல். நெல் மூட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருந்த அட்டிக்குப் பின்னால் போய், மூடியைத் திறந்து டிரம்மைச் சாய்த்தாள். போங்கள், ராஜராஜன் விருந்து வைத்திருக்கிறான்.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. கோயிலுக்குப் போய் வந்தால்கூட அப்படி இருந்ததில்லை.

நாலாவது தடவை சாய்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே ரஹ்மத் பீவி துடைப்பத்தோடு நிற்கிறாள். மில்லில் உமி கூட்டுகிறவள், கூத்தாநல்லூரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடைசி எலியின் வால் மூட்டைச் சந்தில் மறைவதை இரண்டு பேருமே பார்த்தார்கள். ரஹ்மத் பீவி தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, இல்லை என்று ஆட்டினாள். போய்விட்டது என்று அர்த்தம். பிறகு குனிந்து கூட்ட ஆரம்பித்தாள்.

வைகாசி வரைக்கும் நாற்பத்து மூன்று எலி. அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மீதியை எலிகளே பார்த்துக்கொள்ளும். மற்ற கோடவுன் என்றால் எலி கொறிக்கிற சத்தம் முதல் மாசமே கேட்டிருக்கும், பூனை வந்திருக்கும், பொறி வந்திருக்கும். ராஜராஜனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேல் மூட்டை நல்ல மூட்டையாகவே இருந்தது, அட்டியின் உள்ளே எலி பேரன் பேத்தி எடுத்தது.

மறு ஐப்பசி, மழை, ஈர நெல். பதினொன்றாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ப்ளோயரைப் போட்ட கையோடு பேனல் பெட்டிக்குள்ளே வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கரும்புகை. ப்ளோயர் இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்தவர் பின்னால் துள்ளினார். உள்ளே கேபிள் என்று ஒன்றும் இல்லை, எலும்பாகச் செம்புக் கம்பி மட்டும் மிச்சம். புது பேனல் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், தீபாவளி தாண்டும் என்றார்.

ஈர நெல்லை மூன்று நாள் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்று இந்தச் சீமையில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குவியலுக்குள் கை விட்டால் சுட்டது. நாலாம் நாள் புளித்த வாடை தெருமுனை வரைக்கும் வந்தது. ஐந்தாம் நாள் வெள்ளை வெள்ளையாக முளை. மங்களா தினமும் டிரம்மோடு போனாள்.

"தவிடு இல்லைக்கா, மில்லு ஓடலையே," என்றான் மூட்டை தூக்குகிற செம்மொழி.

"பரவால்ல. சும்மா பாத்துட்டுப் போறேன்."

ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள், அது வேகிற அழகைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஊர் சத்தமில்லாமல் ஆனது. முதல் நாள் அந்த அமைதியிலேயே காது வலித்தது. இரண்டாம் நாள் வாய்க்காலில் ஒரு தவளை, கேட்டுக்கேட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தது. அதற்கப்புறம் விட்டதையெல்லாம் சேர்த்துக் கத்தித் தீர்த்தன. ஆறாம் நாள் காலை, புதுச் சம்பா நடவில், வடக்கிலிருந்து மூன்றாவது மட்டைக்குக் கீழே ஒரு கறுப்பு உருண்டை. மங்களா பிரித்துப் பார்த்தாள். பெரிய தாடை. மறுநாள் இரண்டு. ஒற்றை ஆந்தைக்கு அது வயிறு நிறைந்த சாப்பாடு.

பத்தாம் நாள் மத்தியானம் ரஹ்மத் பீவி வரப்போரமாக அவளைத் தேடி வந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, முதலாளி மருந்து வாங்கிட்டு வந்திருக்காரு. நாலு அட்டைப்பெட்டி. கோடவுன்ல, வாசல்ல, வாய்க்கால் வரைக்கும் தூவச் சொல்லியிருக்காரு."

மங்களா களைக்கொத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இவ்வளவு தூரம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மருந்து வைத்தால் எலிகள் தள்ளாடித் தள்ளாடி வெளியே வரும், ஆயிரக்கணக்கில் வரும். பனையில் மிச்சம் இருப்பது ஒன்று.

"இன்னொன்னும் சொல்லணும்," என்றாள் ரஹ்மத் பீவி. "பத்து நாளா எங்களுக்கு வேலை இல்ல. நீங்க செஞ்சதை நான் யாருகிட்டயும் சொல்லல, இனிமேலும் சொல்ல மாட்டேன். ஆந்தைக் காதுக்காக எலி விட்டீங்க. என் காது போனதுக்கு எதை விடப் போறீங்க?"

மங்களா வரப்பில் ஏறினாள். காலைக்கூடக் கழுவாமல் மில்லைப் பார்த்து நடந்தாள்.

கோடவுனில் ராஜராஜன் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தான். பத்து நாளில் பத்து வயசு கூடியிருந்தது. அட்டைப்பெட்டிகள் பிரித்த நிலையில் இருந்தன, செம்மொழியும் மற்ற ஆட்களும் கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் போச்சு அண்ணி. மூட்டைக்கு மூட்டை ஓட்டை. இத்தனை எலி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவள் ஜெயித்தது ஜெயித்ததாகவே இருந்திருக்கும், ஆந்தை மட்டும் செத்திருக்கும்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "என் வயல்லேருந்து. தவிட்டு டிரம்ல நான்தான் கொண்டாந்து விட்டேன். நாப்பத்தி மூணு."

 ராஜராஜன் எழுந்தான், வாளி உருண்டது. "போலீஸுக்குப் போவேன். பங்காளி பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன். உள்ள தள்ளாம விட மாட்டேன்."

"போ." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாங்க போங்க என்று மரியாதை கொடுத்தவள், அன்றைக்குத்தான் அவனை ஒருமையில் பேசினாள். "இப்பவே போ. என்னன்னு எழுதிக் குடுப்ப? ஆந்தைக்குக் காது கேக்கலன்னு எங்க அண்ணி எலி விட்டுட்டாங்கன்னா? அப்படியே எழுது. நீ சிரிச்ச மாதிரியே அவங்களும் சிரிப்பாங்க. எஃப்.ஐ.ஆர் போடட்டும்."

செம்மொழி துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். ராஜராஜன் அவனை முறைத்தான், அவன் குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

"மருந்து ஒரு துணுக்கு வெளிய போகக் கூடாது," என்றாள் மங்களா. "எலியைக் கூண்டு வெச்சு நானே பிடிச்சுத் தரேன், இவங்களும் பிடிக்கட்டும், கூலி நீ குடு. புது பேனல் வந்ததும் பகல்ல ஓட்டிக்க. பொழுது சாய்ஞ்சப்புறம் ப்ளோயர் ஓடுச்சுன்னா என் டிரம் வரும். உனக்குக் கேக்காது தம்பி. அது ஓடுற வரைக்கும் உனக்கு எதுவுமே கேக்காது. இப்ப ஓடல. நின்னு கேளு."

எல்லோரும் நின்றார்கள். மில் கட்டின நாளாக அந்தக் கோடவுன் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. முதலில் மழைச் சொட்டு. பிறகு அட்டிக்குள்ளிருந்து கறக் கறக் என்று ஒன்று, பிறகு பக்கத்தில் இன்னொன்று, பிறகு தலைக்கு மேலே, சுவருக்குள்ளே, காலடியில். ராஜராஜன் மெதுவாக நகர்ந்து நடுவில் வந்து நின்றான்.

"இப்பக் கேக்குதா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "ரஹ்மத் பீவியைத் தஞ்சாவூருக்குக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. உன் கார்ல."

கூட்டிக்கொண்டு போனான். இடது காதில் போனது போனதுதான், வலது காதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பெட்டிகள் பிரித்தபடியே கடைக்குத் திரும்பின. புது பேனல் வந்தது, ஆறு மணி ஆனால் ப்ளோயர் நிற்கிறது. கோடவுனைச் சுற்றி ராஜராஜனே தென்னை மட்டை ஊன்றினான். நுனி மேலே இருக்கும்படி ஊன்றிவிட்டு, ஆந்தை ஏன் வரவில்லை என்று செம்மொழியிடம் கேட்டனுப்பினான். மங்களா சொல்லித் தரவில்லை. நாலு நாள் அலையட்டும் என்று விட்டு, ஐந்தாம் நாள்தான் சொன்னாள்.

தையில் ஒன்பது மாவும் முழுசாக விளைந்தது. பனையில் இன்னும் ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் அது ஒரு தரம் கூப்பிடும். இப்போது ரொம்ப தூரம் கேட்கிறது, பதில்தான் இல்லை. மருந்து கொடுத்தவனைப் பழி தீர்த்தாயிற்று. வைத்த கையை என்ன செய்வது என்று மங்களாவுக்கு இன்றுவரை தெரியவில்லை.

நீல டிரம்மை மேற்கு வரப்பில், மில் வாசலுக்கு நேரே கவிழ்த்து வைத்திருக்கிறாள். ராஜராஜன் காலையில் காரை விட்டு இறங்கினால் முதலில் அதுதான் கண்ணில் படும். லீவில் வந்த கோவிந்தராசு அதை எடுத்து உள்ளே வைக்கப் போனான்.

"அங்கேயே இருக்கட்டும்," என்றாள் மங்களா. தவிடு வாங்க அவள் வேறு டிரம் வாங்கிவிட்டாள்.